ஹெர்னியா ஆபரேஷன்: தர்மபுரி பக்கம் டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி (பென்னாகரம்)
அப்பாவுக்கு 62 வயசு. வலது கவட்டையில் ஹெர்னியா (குடல் இறக்கம்), படுத்தா உள்ளே போயிடுது, வலி பெருசா இல்லை. சுகர் உண்டு. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வச்சு, ரத்தம் உறையாம இருக்க க்ளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுறார். ஒரு டாக்டர் திறந்து வலை (மெஷ்) வைக்கணும்ங்கிறார், இன்னொருத்தர் சின்னத் துளை போட்டு கேமரா வழியா பண்ற லேப்ராஸ்கோப்பிதான்ங்கிறார். ரெண்டு பேருமே "சின்ன ஆபரேஷன்தான்"னு சொல்றாங்க. யாருகிட்ட போறது?

பதில் 1
எம்.எஸ். பட்டத்தையும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவையும் சரிபார்த்துடுங்க. அதுக்கப்புறம் கேட்க வேண்டியது: இதே ஆபரேஷன் மாசத்துக்கு எத்தனை பண்றீங்க? மறுபடி இறங்கினது எத்தனை பேருக்கு? மழுப்பினா அடுத்த டாக்டரைப் பாருங்க.

ஒரு பக்கம், முதல் தடவைன்னா ரெண்டு முறையும் சரிதான்; டாக்டருக்கு எது கைவந்ததோ அதுவே நல்லது. ரெண்டு பக்கமும் இருந்தாலோ, திறந்து பண்ணினது மறுபடி இறங்கினாலோதான் லேப்ராஸ்கோப்பிக்கு மவுசு. ஆனா லேப்ராஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேணும். திறந்து பண்றதை அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வச்சே முடிக்கலாம். இதய நோயாளிக்கு இது பெரிய வித்தியாசம்.

க்ளோபிடோக்ரலை நீங்களா நிறுத்திடாதீங்க. முதுகுல ஊசி போட்டு மரக்க வைக்கணும்னா 5 முதல் 7 நாள் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க; ஸ்டென்ட் புதுசுன்னா அப்படி நிறுத்துறதே அடைப்பை உண்டாக்கலாம். இதய டாக்டர் எழுத்தில் தரட்டும். தொந்தரவு குறைவா இருக்கிறதால ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் செய்யலாம்.

பதில் 2
பென்னாகரம்னதும் ஃப்ளோரைடுதான் ஞாபகம் வருது. பல வருஷம் போர் தண்ணி குடிச்சவங்களுக்கு முதுகெலும்பு, தசைநார் எல்லாம் இறுகிப்போயிருக்கலாம். அப்போ முதுகு ஊசி இறங்குறது கஷ்டம். கழுத்தும் இறுகியிருந்தா முழு மயக்கத்துக்குத் தொண்டையில் குழாய் போடுறதும் கஷ்டம். அப்பாவால குனிய முடியுதா, தலையை அண்ணாந்து பார்க்க முடியுதான்னு கவனிங்க. முடியலைன்னா மயக்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே காட்டி, இடுப்பு எக்ஸ்ரே வேணுமான்னு கேளுங்க. ஆபரேஷன் அன்னைக்குக் காலையில்தான் மயக்க டாக்டர் வருவார்னு சொல்ற இடம் இவருக்கு வேண்டாம்.

பதில் 3
ஆபத்துன்னு பார்த்தா, விரைப்பையில் வீக்கமும் நீலம் பாய்றதும் பெரும்பாலும் சில வாரத்துல வடியும். ப்ராஸ்டேட் தொல்லை இருந்தா முதுகு ஊசிக்கு அப்புறம் மூத்திரம் அடைக்கலாம், முன்னாடியே சொல்லிடுங்க. பத்துல ஒருத்தர் அளவுக்குக் கவட்டை வலி மாசக்கணக்கில் நீடிக்கும். இதைத்தான் பலர் சொல்றதில்லை. சுகர் கட்டுக்குள் இல்லைன்னா புண் சீழ் பிடிக்கலாம், வலையையே எடுக்க வேண்டி வரலாம்.

காத்திருக்கும்போது வீக்கம் கல்லு மாதிரி ஆகி, உள்ளே போகாம, வலியும் வாந்தியும் வந்தா, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அப்பவே 108-ல் கிளம்புங்க. ஒரு வாய் சாப்பாடோ தண்ணியோ கொடுக்காதீங்க.