புதுப்பிப்பு: குதிரையின் திடீர் நொண்டலுக்குக் காரணம் குளம்புக்குள் சீழ்

என் குதிரை ஒரே இரவில் முன்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டியதைப் பற்றிப் போன வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சுளுக்கு இல்லை. ‘இரண்டு முன்குளம்புகளையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள், குளம்புக்கு மேலே நாடியையும் பாருங்கள்’ என்றவர் சொன்னதே சரி. நொண்டிய காலின் குளம்பு மட்டும் சுட்டது. நாடியும் பலமாகத் துடித்தது. கால்நடை மருத்துவர் குளம்பின் அடியில் சிறு துளையிட்டதும் கறுத்த சீழ் வடிந்தது. மறுநாள் காலையில் அவள் நான்கு காலும் ஊன்றி நின்றதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியும் போட்டாயிற்று. குதிரைகளை அது எளிதில் தாக்கும், தள்ளிப்போடாதீர்கள். பிறகு தினமும் எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் குளம்பை ஊறவைத்துக் கட்டுப் போட்டோம்.

எதிர்பாராதது ஒன்று: அவளை விட்டு நகராமல் காவல் கிடந்த என் நாய், இரண்டு முறை அந்தக் கட்டுத்துணியைக் கடித்துப் பிய்த்துவிட்டது. துணியை விழுங்கவில்லை என்று உறுதியாகும்வரை உயிரே என்னிடம் இல்லை. இப்போது கட்டின் மேல் ரப்பர் உறை மாட்டியிருக்கிறேன்.