கடலில் நிற்கும் படகை எந்திரம் எப்படி அடையாளம் காணும்? தவறினால் பதில் சொல்பவர் யார்?

கேள்வி: உவரிக் கடலோரவாசி

அனைவருக்கும் வணக்கம். உவரிக்கு அருகிலுள்ள கடற்கரை ஊர் ஒன்றில், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் மகள் பொறியியல் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் இறுதியாண்டு படிக்கிறாள். ஆளில்லா விமானங்கள் எடுக்கும் படங்களிலிருந்து வாகனங்களையும் படகுகளையும் இனம்பிரித்துச் சொல்லும் மென்பொருளைப் பாதுகாப்புத் துறைக்காக உருவாக்கும் நிறுவனம் ஒன்று அவளுக்கு வேலை தர முன்வந்திருக்கிறது. அவளுக்கு அதில் மிகுந்த விருப்பம். எனக்குப் பெருமையும் உண்டு, கலக்கமும் உண்டு.

எங்கள் ஊர் ஆண்களில் பலர் இரவைக் கடலில் கழிப்பவர்கள். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால், இத்தாலியின் 'என்ரிகா லெக்சி' என்ற எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், மீனவர்களைக் கடற்கொள்ளையர் என்று கருதிச் சுட்டதில் இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் பக்கத்துக் குமரி மாவட்டத்துக்காரர். அதே ஆண்டு ஜூலையில் துபாய்க்கு அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று சுட்டதில் இராமநாதபுரம் பகுதி மீனவர் ஒருவர் இறந்தார். மனிதர்களே இப்படித் தவறும்போது, அந்த முடிவை எந்திரத்திடம் விட்டால் என்ன நடக்கும் என்று அஞ்சுகிறேன். அதே வேளையில், 2017இல் ஒக்கி புயலின்போது கடலில் சிதறிப்போனவர்களைத் தேட இப்படியொரு கண் வானத்தில் இருந்திருந்தால் எத்தனை பேர் கரை சேர்ந்திருப்பார்கள் என்றும் நினைக்கிறேன்.

துறை அறிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த மென்பொருள் படகை எப்படி இனம்பிரிக்கிறது? வருங்காலப் போர்களில் சுடும் முடிவையும் எந்திரமே எடுக்குமா? அப்படி எடுத்துத் தவறினால் யார் பொறுப்பு?

பதில்: பாளை முன்னாள் கடற்படையாளர்

அண்ணாச்சிக்கு வணக்கம். போர்க்கப்பலில் ரேடார் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எந்திரம் தானே சுடுவது இனிமேல் வரப்போகும் ஒன்றல்ல. கப்பலை நோக்கி வரும் ஏவுகணையைத் தானாகவே கண்டு, தானாகவே குறிவைத்துச் சுடும் 'ஃபேலங்ஸ்' பீரங்கி 1980ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கக் கப்பல்களில் இருக்கிறது. அலைமட்டத்தை ஒட்டி, ஒலியின் வேகத்துக்கு நெருங்கி வரும் ஏவுகணை, அடிவானத்துக்கு மேல் தலைகாட்டியபின் கப்பலை எட்ட இரண்டு நிமிடம்கூட ஆகாது. கடைசி நேரத்தில் தடுப்பதென்றால் சில விநாடிகளே கிடைக்கும். அங்கே மனிதனின் அனுமதிக்குக் காத்திருந்தால் கப்பலில் உள்ள அத்தனை பேரும் போய்விடுவார்கள். ஆகவே அத்தகைய இடத்தில் தானியங்கி ஆயுதம் தேவை என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் அதிலும் ஆபத்து உண்டு. 2003 மார்ச் 23 அன்று ஈராக் போரின்போது, அமெரிக்காவின் 'பேட்ரியாட்' ஏவுகணை அமைப்பு, தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை, ரேடாரை அழிக்க வரும் ஏவுகணை என்று வகைப்படுத்தியது. இயக்கியவர்கள் கருவி சொன்னதை நம்பிச் சுட்டார்கள். விமானத்தில் இருந்த இருவரும் இறந்தனர். பொத்தான் மனிதன் கையில்தான் இருந்தது. எனினும் கருவி சொன்னதைச் சந்தேகிக்க அவனுக்கு நேரமும் இல்லை, பயிற்சியும் போதவில்லை.

இதற்கு நேர்மாறானதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். 1988 ஜூலை 3 அன்று 'வின்சென்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி, 66 குழந்தைகள் உட்பட 290 பேரைக் கொன்றது. அந்த விமானம் மேலேறிக்கொண்டிருந்தது என்பதைக் கப்பலின் கணினி சரியாகவே பதிந்திருந்தது. பதற்றத்தில் இருந்த மனிதர்கள்தாம் அது தங்களை நோக்கி இறங்கி வருவதாகப் படித்தார்கள். ஆகவே மனிதன் இருந்தால் போதும், தவறு நேராது என்று எவரும் நினைத்துவிட வேண்டாம்.

இனிவரும் போர்களில் இது கூடத்தான் செய்யும். உக்ரைன் போரில் இருபுறமும் ட்ரோனுக்கும் அதை இயக்குபவருக்கும் இடையிலான ரேடியோ அலையைக் கெடுத்துவிடுகிறார்கள். தொடர்பு அறுந்த ட்ரோன் வீணாகிறது. அதனால்தான் சிலர் மயிரிழை போன்ற கண்ணாடி இழையைக் கிலோமீட்டர் கணக்கில் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்களுக்குப் போனார்கள். வேறு சிலர், தொடர்பு போனாலும் கடைசிக் கட்டத்தில் இலக்கைத் தானே பின்தொடரும் மென்பொருளைப் பொருத்தினார்கள். எந்திரத்திடம் முடிவை ஒப்படைக்க வேண்டும் என்று யாரும் மேசையில் அமர்ந்து தீர்மானிக்கவில்லை. தொடர்பு அறுபடுகிறது என்ற நெருக்கடிதான் படிப்படியாக அங்கே கொண்டுபோய் விடுகிறது. உங்கள் மகள் செய்யப்போகும் வேலையும் அந்தப் படிகளில் ஒன்றாக இருக்கக்கூடும்.

நான் பார்க்கும் அளவுகோல் நேரம்தான். பாய்ந்து வரும் ஏவுகணைக்கு நேரம் இல்லை. மெதுவாகப் போகும் படகுக்கு நேரம் இருக்கிறது: கூப்பிடலாம், விளக்கு அடிக்கலாம், வானத்தை நோக்கிச் சுட்டு எச்சரிக்கலாம், நெருங்கிப் போய்ப் பார்க்கலாம். நேரம் இருக்கும் இடத்தில் எந்திரத்திடம் முடிவை விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பதில்: நெல்லைக் கணினி விரிவுரையாளர்

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஐயா.

இந்த மென்பொருளுக்குப் படகு என்றால் என்னவென்று தெரியாது. மனிதர்கள் ஏற்கெனவே பெயரிட்டுத் தந்த பல்லாயிரம் படங்களில் எத்தகைய வடிவமும் நிழலும் எந்தப் பெயரோடு சேர்ந்து வந்தன என்பதைக் கணக்காகக் கற்றுக்கொண்டு, புதிய படத்துக்கு ஒரு மதிப்பெண் தருகிறது. 'இது மீன்பிடிப் படகு, 0.83' என்பது போல ஒரு விடை வரும். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்புவது என்பதை எந்திரம் தீர்மானிப்பதில்லை. ஒரு மனிதர் ஓர் அறையில் அமர்ந்து தீர்மானிக்கிறார்.

இரவில் வெப்பப் படக்கருவி வழியாக நம் பக்கத்து பைபர் வள்ளம் எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். பின்புறம் வெளிப்பொருத்து எஞ்சின் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியும். நடுவில் மூன்று நான்கு மங்கலான பொட்டுகள், அவை ஆட்கள். கடலில் நனைந்த வலை குளிர்ந்து போயிருப்பதால் ஏறக்குறைய தெரியவே தெரியாது. ஒருவர் எழுந்து நின்று, நீண்ட கழியால் எதையோ தள்ளுகிறார். வலையைத் தெரிந்தவருக்கு அது வலை வாங்கும், அதாவது விட்ட வலையை இழுத்தெடுக்கும் வேலை. வலையே தெரியாத படத்தில் அது கையில் நீண்ட பொருளோடு நிற்கும் ஒரு மனிதன். பயிற்சிக்குத் தரப்பட்ட படங்கள் பெரிய துறைமுகங்களிலும் வேற்று நாட்டுக் கடல்களிலும் எடுக்கப்பட்டவையாக இருந்தால், கட்டுமரமும் வள்ளமும் அந்த எந்திரத்துக்கு அந்நியம். பார்த்திராததை அது 'தெரியாது' என்று சொல்வதில்லை. தெரிந்த பெயர்களுள் ஒன்றை உறுதியோடு சொல்லிவிடும். இந்தத் துறையில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இந்தக் குணம்தான்.

அடுத்தது ஒரு சிறு கணக்கு. ஒரு கடற்பரப்பில் 1000 படகுகள் நிற்கின்றன, அவற்றில் 1 மட்டுமே பகைப் படகு என்று வைத்துக்கொள்வோம். எந்திரம் நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் குற்றமற்ற 999 படகுகளில் ஏறத்தாழ 10 படகுகளின்மீது அது பகைவர் முத்திரை குத்தும். முத்திரை விழுந்த 11 படகுகளில் 10 நம் ஆட்களுடையவை. '99 விழுக்காடு துல்லியம்' என்ற விளம்பரத்துக்குள் இது ஒளிந்திருக்கிறது.

இதே நுட்பம் நன்மை செய்யும் இடம் நம் ஊருக்கு வெகு அருகில் இருக்கிறது. விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோயால் வரும் கண்பாதிப்பைக் கண்டறியும் மென்பொருள் பற்றி கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நெல்லையிலும் கிளை கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்களும் பங்கேற்றார்கள். அங்கே எந்திரம் தவறாக 'நோய் உண்டு' என்று சொன்னால் நோயாளி ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புவார். எந்திரத்துக்குப் பின்னால் மருத்துவர் இருக்கிறார். ஆயுதத்தில் எந்திரம் 'ஆம்' என்று சொன்னபின் திருத்துவதற்கு எவரும் இல்லை. ஒக்கியில் தேடும் வேலையும் கண் மருத்துவமனை வகையைச் சேர்ந்ததே: மிதக்கும் மரக்கட்டையை மனிதன் என்று காட்டினால் ஒரு ஹெலிகாப்டர் வீணாகப் போய்வரும், அவ்வளவே. ஒரே மென்பொருள், ஒரே பிழைவிகிதம். விளைவு மட்டும் வேறு.

பதில்: அம்பை விவசாயி

போரைப் பற்றி நான் அறியேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறேன். சமூகத்தில் இந்த எந்திரங்கள் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் வயலே சான்று. பிசானப் பருவத்தில் ட்ரோன் வந்து, பத்து லிட்டர் தண்ணீரில் கலந்த மருந்தை ஏக்கருக்குப் பத்து நிமிடம்போல ஆகும் நேரத்தில் தெளித்துவிட்டுப் போகிறது. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, மருந்தை மூச்சில் இழுத்துக்கொண்டு வரப்பில் நடந்தவர்களுக்கு இது விடுதலை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த அன்றைய கூலி எங்கே போயிற்று என்று கேட்டால் விடை இல்லை. மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தை மத்திய அரசு 15,000 குழுக்களுக்கென அறிவித்திருப்பது நல்ல வழி. கூலி இழந்த வீட்டுப் பெண்ணே ட்ரோனை ஓட்டும் நிலை வர வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதன் இறங்கும் கொடுமையை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் சாவுகள் நிற்கவில்லை. அதற்கென்று சென்னை ஐ.ஐ.டி. 'ஹோமோசெப்' என்ற எந்திரத்தை உருவாக்கியது. ஆளைக் கொல்லும் எந்திரத்துக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்த எந்திரத்துக்குக் கிடைத்தால் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருக்கும்!

பதில்: பாளை வழக்குரைஞர்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 'என்ரிகா லெக்சி' வழக்கில் குறைந்தபட்சம் சுட்டவர்கள் யாரென்று தெரிந்தது. கேரளக் காவல்துறை இருவரைக் கைது செய்தது. பின்னர் வழக்கு நாடுகளுக்கிடையிலான தகராறாகி, 2020இல் ஹேக் நகரிலிருந்த நடுவர் தீர்ப்பாயம், வீரர்களுக்கு இந்திய நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்குரிமை உண்டு, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்டபின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்து வைத்தது. இது முழு நீதி என்று நான் சொல்லவில்லை. ஆயினும் பதில் சொல்ல ஆட்களும் ஒரு நாடும் இருந்தார்கள் என்பதால்தான் இவ்வளவாவது நடந்தது.

அங்கே காவலுக்கு நின்றது ஒரு தானியங்கித் துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலைக் குற்றத்துக்கு எண்ணம் அல்லது அறிவு வேண்டும். எந்திரத்துக்கு இரண்டும் இல்லை. தளபதி, 'நான் இயக்கிவிட்டேன், அது இப்படிச் செய்யும் என்று அறியேன்' என்பார். நிறுவனம், 'நாங்கள் கொடுத்த வரம்புக்கு வெளியே பயன்படுத்தினார்கள்' என்று சொல்லும். மென்பொருள் எழுதியவர், 'நான் எழுதியது ஒரு பகுதிதான்' என்பார். ஒவ்வொருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கும் என்பதே சிக்கல்.

உலக அளவில் இதைப் பற்றி ஜெனீவாவில், சிலவகை ஆயுதங்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் ஏற்பட்ட 1980ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் 2017 முதல் அரசுகளின் வல்லுநர் குழு பேசிவருகிறது. தொடக்கத்தில் அதற்குத் தலைமை வகித்தவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். 2019இல் 11 வழிகாட்டு நெறிகள் ஏற்கப்பட்டன. முடிவுகளுக்கான பொறுப்பை எந்திரத்துக்கு மாற்ற முடியாது, அது மனிதரிடமே இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் அவை கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இத்தகைய தானியங்கி ஆயுதங்கள் பற்றிய தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த 4 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அடுத்த ஆண்டுத் தீர்மானத்தில் நம் நாடு வாக்களிக்காமல் விலகி நின்றது. ஜெனீவா மன்றமே இதற்கு உரிய இடம், கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கு இன்னும் காலம் கனியவில்லை என்பது நம் அரசின் நிலை. இரண்டு எல்லைகளில் பதற்றம் உள்ள நாடு தன் கையைக் கட்டிக்கொள்ளத் தயங்குவது எனக்குப் புரிகிறது. என்றாலும் நம் மீனவர்கள் உலகின் எல்லாக் கடல்களிலும் வேலை செய்வதை எண்ணும்போது, அந்த ஒப்பந்தத்தால் முதலில் பாதுகாக்கப்படுபவர்கள் நம் மக்களே என்று கருதுகிறேன். கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்களை, அவை போர்க்களத்தில் பரவும் முன்பே, 1995இல் உலக நாடுகள் தடை செய்தன. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தை ஏற்றது. முன்கூட்டியே தடுக்க முடியும் என்பதற்கு அது போதிய சான்று.

கேட்டவர்: உவரிக் கடலோரவாசி

ஒவ்வொருவருக்கும் நன்றி. மகளிடம் இவற்றை வாசித்துக் காட்டினேன். வேலையை மறுக்க வேண்டியதில்லை, ஆனால் சேரும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறாள். என்ன கேட்கலாம்?

பதில்: நெல்லைக் கணினி விரிவுரையாளர்

மென்பொருள் தரும் விடை யாரிடம் போகிறது, பார்க்கும் மனிதரிடமா, நேராக ஆயுதத்துக்கா என்பதை முதலில் கேட்கட்டும். மனிதரிடம் என்றால், மறுப்பதற்கு அவருக்கு எவ்வளவு நேரம் தரப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். மேலே கடற்படை அண்ணாச்சி எழுதிய பேட்ரியாட் நிகழ்ச்சியை நினைவில் கொள்ளவும். எந்திரம் கண்டது, சொன்னது, மனிதர் செய்தது ஆகிய எல்லாம் அழிக்க முடியாத பதிவாகச் சேமிக்கப்படுகின்றனவா என்பது வழக்குரைஞர் சொன்ன சிக்கலுக்கு உதவும். சோதனைப் படங்களில் தென்தமிழகக் கடற்கரையின் வள்ளங்கள் இரவுநேரத்தில் எடுக்கப்பட்டு இடம்பெற்றிருக்கின்றனவா என்பது நான்காவது. பெரும்பாலும் 'இல்லை' என்றே விடை வரும். அந்தக் குறையை உள்ளே இருந்து திருத்தக்கூடியவர் கடற்கரையில் வளர்ந்த உங்கள் மகள் போன்ற ஒருவரே. அதனால் அவர் சேர்வது நல்லது என்பது என் எண்ணம். விடை நேராக ஆயுதத்துக்குப் போகிறது என்றால் சேர வேண்டாம் என்பதும் என் எண்ணம்.

கேட்டவர்: உவரிக் கடலோரவாசி

நான்கையும் எழுதி எடுத்துக்கொண்டாள். இரவுப் படங்களைப் பொறுத்தவரை, எங்கள் ஊர்க் கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன். கடலோரக் காவல் நிலையத்தில் முறையான அனுமதி பெற்று, படகுக்காரர்களின் சம்மதத்தோடு, வலை விடும்போதும் வாங்கும்போதும் படமெடுக்க உங்கள் கல்லூரி மாணவர்கள் வர இயலுமா? தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் முன் என்றால் வள்ளத்தில் இடம் தரப் பலர் இருக்கிறார்கள்.