இரண்டு வார பட்ஜிக் குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் விரிந்துள்ளன, சரிசெய்ய இயலுமா?

காவிரிக்கரை, ஈரோடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு பட்ஜி (சிறு கிளி வகை) இணை மண்பானையில் முட்டையிட்டுப் பொரித்து, இப்போது நான்கு குஞ்சுகளை வளர்த்து வருகிறது. முட்டைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் பொரிந்ததால் குஞ்சுகளின் அளவில் நல்ல வேறுபாடு தெரிகிறது. மூத்ததற்கு இறகுக் குருத்துகள் விரியத் தொடங்கிவிட்டன, கடைசிக் குஞ்சுக்கு இப்போதுதான் கண் திறக்கிறது. பானையைச் சுத்தம் செய்வதற்காக அவற்றை எடுத்துத் துண்டின்மீது வைத்தபோது, ஏறக்குறைய இரண்டு வாரம் நிரம்பிய இரண்டாவது குஞ்சு மட்டும் எழ முயலாமல் வயிறு தரையில் பட அப்படியே கிடந்தது. அதன் இரு கால்களும் உடலுக்கு அடியில் வராமல், நீந்தும் தவளையின் கால்களைப் போல இருபுறமும் நீண்டிருந்தன. வலி இருப்பதாகத் தெரியவில்லை. தாய் ஊட்டுகிறது, தீனிப்பையும் நிறைந்தே இருக்கிறது.

பெற்றோர் பறவைகளுக்குத் தினைதான் முக்கிய உணவு. கூண்டில் கணவாய் ஓடு தொங்குகிறது என்றாலும் பெண் பறவை அதை அதிகம் கொறிப்பதில்லை. கூண்டு கூடத்தில், கண்ணாடிச் சன்னலை ஒட்டி இருக்கிறது. பானைக்குள் நான் எதையும் பரப்பவில்லை. எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திற்குப் பெரும்பாலும் மாடும் ஆடுமே வருகின்றன என்பதால், பறவையைப் பார்ப்பார்களா என்பது தெரியவில்லை. இந்தக் குறையைச் சரிசெய்ய இயலுமா, குஞ்சைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டுமா, மற்ற மூன்று குஞ்சுகளுக்கும் இது வருமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பச்சைச்சிறகு, மதுரை

வணக்கம் நண்பரே. இரண்டு வாரத்திலேயே கவனித்துவிட்டீர்கள்; அதுவே பெரிய நன்மை. இந்த வயதில் எலும்பு இன்னும் இளக்கமாக இருப்பதால், கால்களைச் சரியான நிலையில் சில நாள்கள் பிடித்து வைத்தால் மூட்டும் தசைநாரும் அந்த நிலைக்கே பழகிக்கொள்ளும். குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வரும் பருவத்தை, அதாவது ஏறக்குறைய ஐந்தாவது வாரத்தை நெருங்கிவிட்டால் எலும்பு இறுகிவிடும். அதன்பின் கட்டுப்போட்டுப் பெரிய பயனில்லை. ஆகவே யோசித்துக்கொண்டிருக்காமல் இன்றோ நாளையோ தொடங்குங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பை வாங்கி, மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் அகலத்திற்கு நீளவாக்கில் கத்தரித்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குஞ்சை மென்மையான துணியில் மல்லாத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சை அழுத்தினால் குஞ்சால் மூச்சுவிட இயலாது என்பதால், பிடி தோள்பகுதியிலும் முதுகிலும் மட்டுமே இருக்கட்டும். மற்றவர் இரு கால்களையும் இடுப்புக்கு நேர்கீழே கொண்டுவந்து, அடையாள வளையம் மாட்டும் இடத்தில், அதாவது பாதத்துக்குச் சற்று மேலே உள்ள இறகில்லாத பகுதியில், ஒரு காலைச் சுற்றி, நடுவில் இடைவெளி விட்டு, மறு காலையும் சுற்ற வேண்டும். நடுவில் வரும் பகுதியில் பசைப்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்படி மடித்துவிட்டால் டேப் வயிற்றுத் தூவியில் ஒட்டாது. இடைவெளி குஞ்சின் இடுப்பு அகலம் அளவுக்கு இருந்தால் போதும். கால்களை ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டிவிட்டால் குஞ்சால் ஊன்றி நிற்கவே இயலாது.

கட்டியபின் செய்ய வேண்டியதுதான் பெரிய வேலை. முதல் ஒரு மணிநேரம் அருகிலேயே இருந்து விரல்களைப் பாருங்கள். விரல் வீங்கினாலோ, கருநீலம் பூத்தாலோ, தொட்டால் சில்லென்றிருந்தாலோ கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று பொருள், உடனே அவிழ்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், காலையும் மாலையும் விரல்களைப் பார்த்துக்கொண்டே, இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டை மாற்றியே ஆக வேண்டும். இந்த வயதில் குஞ்சு வளரும் வேகத்திற்கு, இன்று தளர்வாக இருக்கும் டேப் நாளை மறுநாள் கால்களை நெரிக்கும். அவிழ்க்கும்போது டேப்பின்மீது மட்டும் பஞ்சால் சமையல் எண்ணெயைத் தொட்டு வைத்துச் சற்றுப் பொறுத்தால் பசை இளகிவிடும். பிய்த்து இழுத்தால் தோல் உரியும்.

குஞ்சைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை. தாய் ஊட்டுவதற்கு ஈடாக நாம் ஊட்டிவிட முடியாது. ஆனால் கால் கட்டப்பட்ட குஞ்சு மல்லாந்துவிட்டால் தானாகத் திரும்ப இயலாமல் தவிக்கலாம்; உடன்பிறந்தவை மேலே ஏறி அமுக்கவும் கூடும். எனவே தாய்க்குத் தொந்தரவாக இல்லாத அளவில் அடிக்கடி பானைக்குள் எட்டிப் பாருங்கள்.

பானையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெறும் பானையின் வழுக்கும் வளைவில் குஞ்சின் பாதத்துக்குப் பற்றிக்கொள்ள எதுவுமில்லை. எழ முயலும்போதெல்லாம் கால் வெளிப்பக்கம் சறுக்குகிறது, மேலே தாய் அழுத்தி அமர்கிறது. நாள்தோறும் இதே நடந்தால் கால் அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. தச்சுப் பட்டறையில் கிடைக்கும் சுருள் சுருளான மரச்சீவலை, வார்னிஷோ மருந்தோ அடிக்காத மரத்தினுடையதா என்று கேட்டு வாங்கி, இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். பெண் பறவை அதை வெளியே தள்ளும். சலிக்காமல் மீண்டும் போடுங்கள். நுண்ணிய மரத்தூள் வேண்டாம், அது குஞ்சின் மூச்சுக்குள் போகும். தேங்காய் நாரும் வேண்டாம். அதன் இழை விரலைச் சுற்றி இறுக்கி, விரலே கருகி விழுந்துவிடக்கூடும். கீழே சறுக்காத தரை இருந்தால் மற்ற மூன்று குஞ்சுகளுக்கும் இந்தக் குறை வருவதற்கான வாய்ப்பு பெரிதும் குறையும்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்

மேலே நண்பர் கூறியுள்ள கட்டுமுறை சரியானதே. ஆயினும், கால் விரிந்திருக்கும் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் டேப் போடக்கூடாது என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். கட்டுவதற்கு முன் சிலவற்றை நிதானமாகப் பாருங்கள். குஞ்சை உயர்த்திப் பிடித்து, கால்களை மெதுவாக உடலுக்கு அடியில் கொண்டுவரும்போது எதிர்ப்பில்லாமல் வருகின்றனவா? விரலை லேசாகக் கிள்ளினால் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறதா? உங்கள் சுண்டுவிரலைப் பாதத்தில் வைத்தால் முன்னிரண்டு, பின்னிரண்டு என்று விரல்கள் மடங்கிப் பற்றுகின்றனவா? இம்மூன்றும் இருந்தால் நரம்பு நன்றாக உள்ளது, மூட்டின் நிலை மட்டுமே பிசகியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

மாறாக, ஒரு கால் மட்டும் துவண்டு தொங்குவது, தொட்டால் குஞ்சு அலறுவது, எலும்பின் நடுவில் வளைவோ வீக்கமோ தென்படுவது, கணுமூட்டின் பின்புறத் தசைநார் பக்கவாட்டில் நழுவியிருப்பது ஆகியவை முறிவையோ, எலும்பு மெலிவையோ, தசைநார்ப் பிசகையோ குறிக்கும். அவற்றுக்கு வீட்டில் கட்டுப்போட்டால் தீங்கே விளையும். அப்படி ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் கொண்டு வாருங்கள். நாமக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. சென்னைப் பக்கம் உள்ளவர்கள் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம்.

உங்கள் கேள்வியில் என் கவனத்தை ஈர்த்தவை உணவும் சன்னலும் ஆகும். தினையில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். வைட்டமின் டி கிட்டத்தட்ட இல்லை. பெண் பறவை முட்டை ஓட்டுக்காகத் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்புச்சத்தை எடுத்துக் கொடுக்கிறது. முட்டையிட்டு முடிந்தவுடனே அது ஊட்டுவதும் அதே தினையாக இருந்தால் குஞ்சின் எலும்பு எப்படி வலுக்கும்? கணவாய் ஓட்டில் சுண்ணாம்புச்சத்து உண்டு, ஆனால் அது உடலில் சேர்வதற்கு வைட்டமின் டி3 வேண்டும். டி3 உருவாவதற்கு வெயிலின் புற ஊதாக் கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால், கண்ணாடி வழியாக விழும் வெளிச்சம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இவ்வகையில் பயன்தராது. சன்னலைத் திறந்து வைத்தோ, இனப்பெருக்கம் இல்லாத காலத்தில் கூண்டை வெளியில் வைத்தோ நேர்வெயில் படச் செய்யுங்கள். கூண்டின் பாதிப் பகுதியில் நிழல் கட்டாயம் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒதுங்க இடமில்லாத பறவை சீக்கிரமே மயங்கிவிடும்.

நன்றாகக் கழுவிய முருங்கைக்கீரையையும், வேகவைத்து மசித்த முட்டையையும் நாள்தோறும் சிறிதளவு வையுங்கள். முட்டையை இரண்டு மணிநேரத்துக்கு மேல் கூண்டில் விட்டுவைக்காதீர்கள், அது கெட்டுவிடும். பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் இப்போதைக்கு அது வேண்டாம்.

காவிரிக்கரை, ஈரோடு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா கூறியபடி சோதித்துப் பார்த்தேன். கால்கள் எளிதாக அடியில் வருகின்றன, விரலையும் நன்றாகவே பற்றுகிறது. கட்டுப்போட்டு, மரச்சீவலும் பரப்பிவிட்டேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. தாய் பானைக்குள் நுழைந்தவுடன் டேப்பின் முனையைக் கொத்திக் கொத்தி இழுக்கிறது. இன்னொன்று, வீட்டில் குழந்தைகளுக்காக வாங்கிய கால்சியம் மருந்து இருக்கிறது. அதைக் குஞ்சுக்கு ஒரு துளி கொடுக்கலாமா?

கால்நடை மருத்துவர், நாமக்கல்

அந்த மருந்தைத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். வளர்ந்த பட்ஜியின் எடையே பெரும்பாலும் 30 முதல் 40 கிராம்தான். உங்கள் குஞ்சு அதைவிடவும் இலேசானது. குழந்தைக்கான ஒரு துளி அதற்குப் பேரளவாகிவிடும். அம்மருந்துகளில் வைட்டமின் டி3-யும் பெரும்பாலும் கலந்திருக்கும். அது மிகுந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்து பறவை இறந்துபோகும். மருந்து தேவையா, தேவையென்றால் எவ்வளவு என்பதை எடைபோட்டுப் பார்த்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளையும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். தாயின் உணவைச் சீர்செய்தால், அது ஊட்டும் உணவின் வழியே குஞ்சுக்கும் சத்து போய்ச் சேரும். பெரும்பாலான நேரங்களில் அதுவே பாதுகாப்பான வழி.

பச்சைச்சிறகு, மதுரை

தாய் கொத்துவது வழக்கந்தான். டேப்பின் முனை வெளியே துருத்தியிருந்தால் அதற்கு அதுவே விளையாட்டாகிவிடும். முனையை இரு கால்களுக்கும் நடுவில் வருமாறு உட்புறம் மடித்து ஒட்டுங்கள். அப்படியும் விடாமல் கொத்தி, காலில் காயம் உண்டாகும் நிலை வந்தால் வேறொரு முறை இருக்கிறது. ஒப்பனைக்குப் பயன்படும் மெத்தென்ற பஞ்சுத்துண்டில், இடுப்பு அகல இடைவெளியில் இரண்டு கீறல் போட்டு, கால்களை அவற்றுள் நுழைத்துச் சிறு கிண்ணத்தில் குஞ்சை அமர்த்துங்கள். பகலில் சில மணிநேரம் உங்கள் கண்பார்வையில் அப்படி இருக்கட்டும். நடுநடுவே தாயிடம் விட்டு ஊட்டச் செய்து, இரவில் பானையிலேயே விட்டுவிடுங்கள். இறகு முழுமையாக வராத குஞ்சு விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால் கிண்ணத்துக்கு அருகே இளஞ்சூடு இருக்க வேண்டும்.

கட்டு மாற்றும்போது விரல்களின் இடுக்கையும் பாருங்கள். எச்சம் உருண்டையாகக் காய்ந்து நகத்தோடு ஒட்டியிருந்தால், அதை உடைத்து எடுக்க முயன்றால் நகமே கழன்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் பாதத்தைச் சற்று நேரம் ஊறவிட்டால் தானே கரைந்துவிடும். பிறகு நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

எவ்வளவு நாள் கட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும் குஞ்சைத் துண்டின்மீது விட்டுப் பாருங்கள். கால்களை அடியில் வைத்து உடலைத் தூக்கி நிற்கிறது, சிறிது நேரம் கழித்தும் சறுக்கவில்லை என்றால் கட்டை நிறுத்திவிடலாம்.

மாடித்தோட்டம், தாம்பரம்

இத்தகைய முயற்சி எடுக்கப்படாமல் வளர்ந்துவிட்ட ஒரு பட்ஜி எங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டு கால்களும் விரிந்த நிலையிலேயே எங்களிடம் வந்தது. முழுமையாகச் சரியாகாவிட்டாலும் கைவிட்டுவிடாதீர்கள் என்பதற்காகவே எழுதுகிறேன். அது பறக்கிறது, அலகால் கம்பியைப் பிடித்து மேலே ஏறுகிறது, நாள் முழுதும் பேசிக்கொண்டிருக்கிறது. கொம்பில் அமர மட்டும் அதனால் இயலாது. ஆகவே உயரம் குறைந்த அகலமான கூண்டில், வட்டக் கொம்புகளுக்குப் பதிலாகத் துணி சுற்றிய தட்டையான பலகைகளைத் தாழ்வாக வைத்திருக்கிறோம். தீனியும் நீரும் அகலக் கிண்ணங்களில் தரைமட்டத்தில் இருக்கும். நெஞ்சின் அடிப்பகுதி எப்போதும் தரையில் படுவதால் அங்கே இறகு உதிர்ந்து தோல் சிவக்கிறதா என்று நாள்தோறும் பார்க்கிறேன். தரைவிரிப்பை இருவேளையும் மாற்றுகிறேன். மற்றப் பறவைகள் சில நேரம் அதை விரட்டுவதால், சாதுவான ஒரு துணையோடு மட்டும் தனிக்கூண்டில் வைத்திருக்கிறோம்.

காவிரிக்கரை, ஈரோடு

முனையை உள்ளே மடித்த பிறகு தாய் அதைக் கவனிப்பதே இல்லை. இன்று கட்டு மாற்றியபோது குஞ்சு சிறிது நேரம் கால்களை அடியில் வைத்து வயிற்றைத் தூக்கி நின்றது. பிறகு வலது கால் மட்டும் சறுக்கியது. மீண்டும் கட்டியிருக்கிறேன். இதே இணையை அடுத்தமுறையும் முட்டையிட விடலாமா?

பச்சைச்சிறகு, மதுரை

நல்ல செய்தி. வலது கால் பின்தங்குவதில் கவலைப்பட ஏதுமில்லை, கட்டைத் தொடருங்கள்.

அடுத்த ஈட்டுக்கு இப்போது இடம் கொடுக்காதீர்கள். கடைசிக் குஞ்சு வெளியே வந்து தானாகத் தின்னத் தொடங்கியதும் பானையைக் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பானை இருக்கும்வரை பெண் பறவை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். சில மாதங்கள் ஓய்வும், நேர்வெயிலும், கீரையும் முட்டையும் கிடைத்து உடல் தேறிய பிறகு, வளைவான பானைக்குப் பதிலாக அடிப்பலகையில் ஆழமில்லாத குழி உள்ள மரப்பெட்டியை வைத்து, முதல் நாளிலிருந்தே சீவல் பரப்புங்கள். அவ்வளவும் செய்தபின்னும் குஞ்சுகளுக்கு இதே குறை வந்தால், காரணம் பரம்பரையாகவும் இருக்கலாம் என்று கருதி அந்த இணையைப் பொரிக்க விடாமல் வளர்ப்பதே நல்லது.