புதுக் கார் வாங்காம அந்தக் காசை லயன் வீட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுக்கறது தப்பா?

கூடலூர்வாசி:
ஒரு மாசமா வீட்டுல இதே பேச்சுதான், அதான் இங்க கேக்கறேன். நானும் வீட்டுக்காரியும் சம்பளக்காரங்க. பழைய ஆல்ட்டோவே போதும், புதுக் கார் ஈஎம்ஐக்குப் போக இருந்ததுல மாசம் ஆறாயிரத்தை இங்க நீலகிரில தேவாலா பக்கம் ஒரு லயன்ல (தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க இருக்கற வரிசை வீடுங்க) இருந்து படிக்க வர்ற அஞ்சு பிள்ளைங்களுக்கு ஜீப் வாடகையா குடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். எல்லாம் ஒம்பதாவதுக்கு மேல. பாப்பா பொறந்தநாளுக்கு இந்த வருஷம் ஹால் பிடிக்கல, வீட்டுல பாயசம் வச்சோம். மாமனார் "சொந்தப் புள்ளைக்குச் செய்யாம ஊரான் புள்ளைக்கா"ங்கறார். பாப்பாவுக்கு சோறு, துணி, படிப்பு எதுலயும் குறை வைக்கலைங்க.

பச்சத்தேயிலை:
அண்ணா உங்க மனசைக் குறை சொல்லல, ஆனா இது வழியில்லைங்க. எனக்கு பந்தலூர் பக்கம் ஒண்ணரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலைக் கொழுந்துக்கு கிலோவுக்கு 33.75 ரூபா வேணும்னு 2023ல கோத்தகிரி பக்கம் விவசாயிங்க உண்ணாவிரதமே இருந்தாங்க, நான் கொழுந்து போட்டுட்டு வாங்கற காசு பறிகூலிக்கும் உரத்துக்குமே பத்தல. கொழுந்துக்கு வெலையும் லயன்காரங்களுக்கு நல்ல கூலியும் கெடச்சா அந்தப் பிள்ளைங்களுக்கு அவங்க அப்பனே ஜீப் வைப்பான். அதோட அரசாங்கம் ஒண்ணும் செய்யாமலும் இல்லையே, 1982ல இருந்து சத்துணவு, 2022ல காலை உணவு, மலைப் பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர், ரெயின்கோட்டு, பூட்ஸு, பஸ் பாஸு.

சேரம்பாடி டீச்சர்:
தம்பி நீங்க சொன்னது அத்தனையும் உண்மை, அது இல்லைன்னா என் கிளாஸ் பாதி காலியா இருக்கும். ஆனா எது எங்க நிக்குதுன்னு பாருங்க. காலை உணவு அஞ்சாவதோட, ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும் எட்டாவதோட, சத்துணவு பத்தாவதோட. பிள்ளை வளர வளர பள்ளிக்கூடம் தூரமாகுது, பசி கூடுது, கெடைக்கிறது மட்டும் ஒண்ணொண்ணா நிக்குது. பஸ் பாஸ் பன்னெண்டாவது வரை உண்டு சரி, பஸ் எங்க? ஸ்பெஷல் கிளாஸ் முடியறதுக்குள்ள கடைசி பஸ் போயிருது, இருட்டுனா எஸ்டேட் ரோட்டுல யானை நிக்கும், எந்த அம்மா பொண்ணை அனுப்புவா? மொதல்ல படிப்பை விட்டு நிக்கறது பொண்ணுங்கதான். என் கண்ணு முன்னாடி படிப்பை விட்ட பொண்ணுங்க இப்ப கொழுந்து பறிக்கிறாங்க.

பச்சத்தேயிலை:
அப்ப பஸ்ஸுக்குத்தான டீச்சர் போராடணும்? ஜீப் ஓடுதுன்னு தெரிஞ்சா அந்த நேரத்துக்கு பஸ் வேணாம்னு விட்டுருவாங்க. அண்ணனுக்கு நாளைக்கு டிரான்ஸ்பர் வந்தா அந்த அஞ்சு பிள்ளைங்க கதி?

நடுவட்டம்:
ஸ்ரீவைகுண்டம் காலேஜ்ல லைப்ரரியன் வேலை பாத்த பாலம் கல்யாணசுந்தரம் ஐயா முப்பது வருஷத்துக்கு மேல சம்பளத்தை அப்படியே ஏழைப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டு, தன் சாப்பாட்டுக்கு ஓட்டல்ல வேலை செஞ்சார். 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இவர் கேக்கறது ஒரு காரை விடறதுக்கு.

பச்சத்தேயிலை:
அவரைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா அவர் கல்யாணமே பண்ணிக்கலைங்க. குடும்பஸ்தனை அவரோட வச்சுப் பேசறது நியாயமில்ல.

தேவாலா மழை:
நான் அந்த மாதிரி லயன்ல பொறந்தவன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். 1964ல இலங்கையோட போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல அங்க இருந்த இந்திய வம்சாவளிக்காரங்கள்ல அஞ்சேகால் லட்சம் பேரை இந்தியா ஏத்துக்கறதா எழுதுனாங்கல்ல, அப்படித் தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் எறங்கி, மண்டபம் முகாம்ல இருந்து இங்க அரசாங்கத்தோட டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம் எங்களுது, அங்கயும் கொழுந்து இங்கயும் கொழுந்து. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை இங்க மழை விடாது, இருந்த ஒரே யூனிஃபார்மை அம்மா ராத்திரி அடுப்புக்கு மேல காயப்போடுவா, காலைல புகைவாடையோட போட்டுட்டுப் போவேன். ஒரு தடவை யாரோ வந்து நோட்டு குடுத்தாங்க, மேடைல நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க, அதைப் பேப்பர்ல பாத்துட்டு அப்பா ரெண்டு நாள் யார்கூடயும் பேசல. ஆனா பதினொண்ணாவதுல ஒரு சார் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுனார், வேலைக்குப் போற வரைக்கும் அது யாருன்னு எனக்குத் தெரியாது. அவர் அப்போ சைக்கிள்லதான் வருவார். கூலி உயரணும், வெலை வரணும், பச்சத்தேயிலை சொல்றதுல ஒரு வார்த்தை பொய்யில்ல, ஆனா அதுக்குக் காத்திருந்தா எனக்கு அந்தப் பதினொண்ணாவது போயிருக்கும். அண்ணா, குடுங்க. பேர் வெளிய தெரியாம குடுங்க. குடுக்க ஆரம்பிச்சா பன்னெண்டாவது முடியற வரை நடுவுல விட்டுறாதீங்க.

கூடலூர்வாசி:
படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. டிரான்ஸ்பர் பத்திக் கேட்டது சரியான கேள்வி, அதை நான் யோசிக்கல. அஞ்சு பேரும் பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் ஆகற வாடகையைக் கணக்குப் போட்டு தனியா ஒரு பேங்க் கணக்குல ஒதுக்கி, மாசாமாசம் தானாப் போற மாதிரி பண்ணிடறேன், எந்த ஊர்ல இருந்தாலும் ஜீப்காரருக்குப் போயிரும். போட்டோ எல்லாம் கிடையாது. மாமியார் நேத்து "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்"னு சொன்னாங்க, மாமனார் இன்னும் பேசல.

பச்சத்தேயிலை:
என்கிட்ட குடுக்கக் காசு இல்ல, இருந்தாலும் ஜீப்புக்குக் குடுக்க மாட்டேன், அதுல மாத்தமில்ல. ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பஸ் வேணும்னு டீச்சர் மனு எழுதுங்க, எங்க பக்கம் வீடு வீடா ஏறி எறங்கி கையெழுத்து வாங்கித் தர்றேன்.

சேரம்பாடி டீச்சர்:
ஞாயித்துக்கிழமை எழுதிடறேன் தம்பி. மழை புடிக்கிறதுக்கு முன்னாடி குடுத்துரணும்.