வாஷிங்டன் மாநில ஓப்பன் டோர்ஸ் பற்றித் தெரிந்தவர்கள் உண்டா?

வணக்கம். சியாட்டில் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். அக்கா மகனுக்கு வயது 18. போன வருஷமே ஸ்கூலுக்குப் போவதை நிறுத்திவிட்டான், வேலையும் இல்லை. மதியம் ரெண்டு மணிக்கு எழுந்து, நின்றபடியே நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் கதவைச் சாத்திக்கொள்கிறான். ஹைஸ்கூல் டிப்ளமோவுக்கு 24 கிரெடிட் (பாஸான பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளி) வேண்டும். அவனிடம் 9தான் இருக்கிறது.

ஸ்கூல் கவுன்சிலர் "ஜிஇடி எழுதட்டும்" (ஹைஸ்கூல் டிப்ளமோவுக்குப் பதிலாக எழுதும் தேர்வு) என்று சொல்லி முடித்துவிட்டார். நான் தேடியபோதுதான் ஓப்பன் டோர்ஸ் கண்ணில் பட்டது. படிப்பை விட்ட பிள்ளைகளைத் திரும்பப் படிக்க வைக்கும் திட்டம் இது, 2010-இல் மாநிலம் போட்ட சட்டப்படி (ஹவுஸ் பில் 1418) நடக்கிறது. 16 முதல் 21 வயது வரை படிப்பை விட்டவர்களுக்கும் கிரெடிட்டில் ரொம்பப் பின்தங்கியவர்களுக்கும். ஸ்கூலுக்கான அரசுப் பணத்திலேயே நடக்கிறது. சில இடங்களில் கம்யூனிட்டி காலேஜிலேயே வகுப்பாம். இதை ஏன் யாரும் எங்களிடம் சொல்லவில்லை என்றுதான் ஆத்திரம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது சேர்ந்தார்களா? எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு வெளியே சேர்ப்பதென்றால் என்ன பேப்பர் கேட்பார்கள்? கேஸ் மேனேஜர் (பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் திட்ட ஊழியர்) நிஜமாகவே போன் செய்து விசாரிப்பாரா?

இன்னொன்று, இதுதான் முக்கியம்: முதல் நாள் அவனை எப்படிக் கிளப்பினீர்கள்? அக்கா பேச்செடுத்தாலே சண்டை. "படிச்சவன் பையன் இப்படியா" என்பவர்கள் தயவுசெய்து கமெண்ட் போட வேண்டாம், அதை ஊரிலிருந்தே நிறையக் கேட்டாயிற்று. இன்பாக்ஸிலும் சொல்லலாம்.