டயாப்லோ மலைக்கு சனிக்கிழமை சைக்கிள் – சான் ரமோன் (கலிஃபோர்னியா) குழு

*வியாழன், இரவு 8:12*

கதிர்: சனிக்கிழமை டயாப்லோ உச்சிக்கு ஏறி இறங்கிட்டு, அப்படியே மார்கன் டெரிட்டரி பக்கமா மலையை ஒரு சுத்து சுத்திட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாமா? என் வண்டில முன்னாடி 50/34 பல், பின்னாடி 11-28 பல்.

சுபா அக்கா: ரெண்டையும் ஒரே நாள்ல போடாத கதிர். சவுத் கேட் ரோடு வழியா உச்சிக்கு 11 மைலுக்குக் கொஞ்சம் கம்மி, ஏத்தம் 3,250 அடி. சுத்து 50 மைல் கிட்ட வரும், க்ளேட்டன் ஊர் தாண்டினா ரொம்ப தூரத்துக்கு ஒரு கடை கிடையாது. இந்த வாரம் உச்சி மட்டும் போதும்.

முரளி சார்: மதியச் சாப்பாடா? ராத்திரி சாப்பாடுன்னு வீட்ல சொல்லிட்டுப் போ 😄

ராஜேஷ்: 11-28ல ஏறலாம், முட்டிதான் பாவம். சவுத் கேட்ல சராசரிச் சரிவு 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி. நீயும் வண்டியும் சேர்ந்து 85 கிலோன்னு வை. 34-28ல (முன்னாடி 34, பின்னாடி 28 பல்) நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா மணிக்கு 9 கி.மீ. சொச்சம், 140, 150 வாட் வேணும். அதைத் தாங்கிடுவே. கடைசிக் கொஞ்ச தூரம்தான் வம்பு.

கதிர்: அந்த "சுவர்"னு சொல்றாங்களே அதுவா ப்ரோ?

ராஜேஷ்: அதேதான். கீழ் பார்க்கிங் தாண்டினதும் ஒன்-வே ரோடு தனியாப் பிரிஞ்சு மேல போகும். சரிவு 16 சதவீதம் கிட்ட இருக்கும். அங்க 34-28ல 50 சுத்து மிதிக்க 290 வாட் கிட்ட வேணும், 34-34ல 240 போதும். வித்தியாசம் சின்னதாத் தெரியும், ஆனா ரெண்டு மணி நேரம் ஏறின காலுக்கு அந்த 50 வாட்தான் மிதிக்கிறதுக்கும் இறங்கித் தள்றதுக்கும் நடுவுல இருக்கு.

கதிர்: அப்ப நாளைக்கே 11-34 கேசட் (பின் பல்சக்கரக் கொத்து) வாங்கி மாட்டிடறேன்.

ராஜேஷ்: நில்லு நில்லு. பின் டீரெய்லர், அதான் கியர் மாத்துற பாகம், என்ன மாடல்?

கதிர்: ஷிமானோ 105, ஆர்7000. கேஜுக்கு (செயினை இழுத்துப் பிடிக்கிற கை) பின்னாடி எஸ்எஸ்னு போட்டிருக்கு.

ராஜேஷ்: எஸ்எஸ்னா குட்டைக் கேஜ். 30 பல் வரைக்கும்தான். 34க்கு அதைவிட நீளமான ஜிஎஸ் வேணும். அதனால இப்போதைக்கு 11-30 போடு. அப்பவும் பழைய செயினை அப்படியே விட்டுடாதே. செயினை டீரெய்லர் வழியா விடாம, முன்னாடி பெரிய ரிங், பின்னாடி பெரிய பல் மேல மட்டும் சுத்திப் பிடி. ரெண்டு முனையும் சந்திக்கிற இடத்துலேர்ந்து இன்னும் ரெண்டு லிங்க் மிச்சம் இருக்கணும். இல்லாட்டி என்னைக்காவது அசந்து 50-30க்கு மாத்துவே, செயின் விறைச்சு டீரெய்லரைத் தாங்குற ஹேங்கரையே முறுக்கிடும். அப்புறம் டீரெய்லர்ல இருக்கிற பி-ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகு, அதோட மேல் புல்லி (குட்டிச் சக்கரம்) பெரிய பல்லுல உரசக் கூடாது.

முரளி சார்: இதை எல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி பண்ணாதே தம்பி. புதுக் கேசட் மாட்டினா சமதளத்துல 5 மைலாவது ஓட்டிப் பார்த்துட்டுத்தான் மலைக்கு. நேரம் இல்லேன்னா இந்தத் தடவை 28லயே போ, சுவர்ல தள்ளிட்டுப் போ. யாரும் கேக்க மாட்டாங்க.

*இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

முரளி சார்: கதிர் என்னத்தை அழிச்சே?

கதிர்: ஒண்ணுமில்ல சார் 🙈 வழி சொல்லுங்கக்கா. டான்வில் டவுன்ல இருந்து டயாப்லோ ரோடு புடிச்சாப் போதும்ல?

சுபா அக்கா: அது வேணாம். டயாப்லோ ரோட்டுல நடுப் பகுதில ஷோல்டரே (ரோட்டோர இடம்) கிடையாது, வளைவு வேற, காரெல்லாம் தோளை உரசிட்டுப் போகும். நாம சான் ரமோன்ல இருந்து க்ரோ கேன்யன், பிளாக்ஹாக் ரோடுன்னு வந்தா நேரா மவுண்ட் டயாப்லோ சீனிக் புலவார்டு முக்குலயே சேர்ந்துடலாம். அங்க வலப்பக்கம் திரும்பி அதீனியன் ஸ்கூல் தாண்டினா ஏத்தம் ஆரம்பம். கேட் 8 மணிக்குத் திறக்கும். சைக்கிளுக்குக் காசு கிடையாது, கார்தான் கட்டணும்.

சுபா அக்கா: வழியில வர்ற ராக் சிட்டி பாறைப் பகுதி வரைக்கும் வேகத்தை அடக்கு. எல்லாரும் தப்பு பண்றது அங்கதான். நடுநடுவுல ரோடு சாயும், சின்ன இறக்கம்கூட வரும், ஜாலியா இருக்கேன்னு அமுக்கிடுவாங்க. 2,200 அடி கிட்ட ஜங்ஷன் வரும், நார்த் கேட் ரோடும் சவுத் கேட் ரோடும் சேர்ற இடம். அங்கேர்ந்து உச்சிக்கு இன்னும் நாலரை மைல், அதுல ஓய்வே கிடையாது. ஜங்ஷன் வரும்போது மூச்சு விட்டுப் பேச முடியலேன்னா அங்கயே திரும்பிடறது புத்திசாலித்தனம்.

தீபா: நார்த் கேட் வழியா ஏறினா ஈஸியா?

சுபா அக்கா: ஏத்தக் கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான் தீபா. மேய்ச்சல் நிலம், நிழல் கம்மி, மாடு ரோட்டுல நிக்கும். கூட்டம் குறைவு. வால்நட் க்ரீக்குக்கு பார்ட் ரயில்ல வந்து இறங்குறவங்களுக்கு அதுதான் கிட்ட. எனக்கு முதல் தடவைன்னா சவுத் கேட்தான் பிடிக்கும்.

ராஜேஷ்: இறங்குறதைப் பத்தி யாரும் கேக்கலியே. ஏத்தத்துல யாரும் சாகறதில்ல. இறக்கத்துல வளைவுக்குள்ள பிரேக் பிடிக்காதே, முன்னாடியே பிடிச்சு வேகத்தைக் கொறச்சுட்டு உள்ள போ. விடாம இழுத்துப் பிடிச்சுட்டே வராதே, சூடு ஏறும். அழுத்து, விடு, அழுத்து, விடு. டிஸ்க் பிரேக்னா பேட் 1 மி.மீ.க்கு மேல இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாரு. ஷிமானோ ரோட்டர் 1.5 மி.மீ.க்குத் தேஞ்சா மாத்தணும், புதுசுல 1.8. சைக்கிளுக்கும் வேக வரம்பு உண்டு, போர்டைப் பாரு.

சுபா அக்கா: அங்க பெரிய ஆபத்து என்னன்னா, பின்னாடி வர்ற கார் பொறுமை இழந்து மறைவான வளைவுல சைக்கிளைத் தாண்ட எதிர் லேனுக்குப் போகும். எதிர்ல இறங்கி வர்ற சைக்கிள்காரன் மேல மோதும். அதுக்குத்தான் ஏத்தப் பக்கம் வளைவுகள்ல தனியா அகலப்படுத்தி பைக் டர்ன்-அவுட் போட்டிருக்காங்க. கார் சத்தம் கேட்டா அதுக்குள்ள ஒதுங்கு, நிக்க வேணாம், மிதிச்சுட்டே போலாம். இறங்கும்போது ரோட்டு நடு மஞ்சக் கோட்டை ஒட்டி வராதே.

தீபா: டயர் காத்து?

ராஜேஷ்: 28 மி.மீ. டயர், 75 கிலோ ஆளுன்னா முன்னாடி 68, பின்னாடி 72 பிஎஸ்ஐ போதும். 100 அடிச்சா குதிக்கும், பிடிப்பு போகும். கேட்டில் கார்டு (மாடு தாண்டாம ரோட்டுக்குக் குறுக்கே போட்ட) கம்பி வந்தா நேரா, ஹேண்டிலைத் திருப்பாம, பிரேக் தொடாம தாண்டணும். ஈரமா இருந்தா இன்னும் ஜாக்கிரதை.

முரளி சார்: தண்ணி ரெண்டு 750 மி.லி. பாட்டில். மேல குழாய் இருக்குன்னு நம்பி ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போகாதே, சில சமயம் மூடி வச்சிருப்பாங்க. காலைல ரெண்டு மணி நேரம் முன்னாடி மூணு இட்லி. பொங்கல் வேணாம், நெய் ராக் சிட்டியிலயே எதுத்துக்கும். மேல போகப் போக அரை மணிக்கு ஒரு பெரிய பேரீச்சம்பழம். கடலை மிட்டாய் மெல்ல மூச்சு பத்தாது.

முரளி சார்: காத்துப் புகாத ஜாக்கெட் மறக்காதே. வேர்த்த உடம்போட 11 மைல் இறங்கினா விரல் விறைச்சு பிரேக் பிடிக்க வராது. செப்டம்பர், அக்டோபர்ல வடகிழக்குலேர்ந்து டயாப்லோ காத்து அடிச்சா தீ அபாயம்னு பார்க்கையே மூடிடுவாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி பார்த்துக்கோ. அந்த மாசங்கள்ல டரான்டுலா சிலந்தி ரோட்டைக் கடக்கும், ஆண் சிலந்தி பொண்ணு தேடிப் போகுது, வழி விடு.

தீபா: 😱😱 நான் வரல

கதிர்: சுத்து எப்ப போலாம்க்கா?

சுபா அக்கா: இதுல தேறினா அடுத்த வாரம். க்ளேட்டன்ல பாட்டில் ரொப்பிட்டு மார்ஷ் க்ரீக் ரோடு. அங்க ஷோல்டர் குறுகல், கார் வேகம், கும்பலா போகாம ஒத்தை வரிசை. அப்புறம் மார்கன் டெரிட்டரி ரோடு, ஒரு கார் மட்டும் போற அகலம், ஓக் நிழல், மெதுவா ஏறும். உச்சி தாண்டி லிவர்மோர் பக்கம் செங்குத்தா விழும். அப்புறம் மேனிங், ஹைலண்ட் ரோடு, கமினோ தசஹாரா, பிளாக்ஹாக். ஹைலண்ட்ல மேற்கு பார்த்துப் போறோம், மதியத்துக்கு மேல எதிர்க்காத்து முகத்துல அறையும். 11 மணிக்குள்ள அதைத் தாண்டிடணும். போன் சிக்னலும் நடுவுல வராது, ரெண்டு டியூப், டயர் கிழிஞ்சா உள்ள வைக்கிற ஒரு டயர் பூட் கையில இருக்கணும். 2017 மழையில மார்கன் டெரிட்டரி ரோடே சரிஞ்சு மாசக்கணக்கா மூடிக் கிடந்துச்சு. மழைக்கு அப்புறம் கவுன்டி ரோடு அறிவிப்பு பாக்காம கிளம்பக் கூடாது.

கதிர்: சரிக்கா. சனி 7 மணி, க்ரோ கேன்யன் முக்கு. 28ஓடயே வரேன்.

ராஜேஷ்: பின் லைட் எரியவிட்டுட்டு வா, பகல்லயும்.

தீபா: சரி நானும் வரேன். ஜங்ஷன் வரைக்கும் மட்டும்.