பையனுக்கு வெரிகோசீல்: ஆபரேஷனா, காத்திருப்பதா?

தஞ்சாவூர் அப்பா:
என் மகன் பத்தாம் வகுப்பு. கால்பந்து ஆடிவிட்டு வந்தால் இடது விதைப்பை கனமாக இருக்கிறது என்று ரொம்ப நாள் தயங்கி என்னிடம் சொன்னான். யூராலஜிஸ்டிடம் போனோம். அவனை நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார். விதைக்கு மேலே மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொண்டன. படுக்க வைத்ததும் அடங்கிவிட்டன. விதைப்பையில் ரத்தக்குழாய்கள் இப்படி வீங்குவதுதான் வெரிகோசீல் என்றார்.

இடது விதையின் ரத்தக்குழாய் நேராக மேலேறி சிறுநீரகத்திலிருந்து வரும் ரத்தக்குழாயில் செங்குத்தாகப் போய்ச் சேருகிறதாம். வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கிவிடும். அதனால்தான் பெரும்பாலும் இடது பக்கம் வருகிறது. இந்த வயதுப் பையன்களில் 100 பேருக்குச் சுமார் 15 பேருக்கு இருக்குமாம்.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை, நாளைக்குக் கல்யாணமானால் குழந்தை பிறக்குமா என்பதுதான். பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இல்லை, ஆனால் அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஸ்கேனில் விதையின் அளவு வலது 12 மில்லிலிட்டர், இடது 11. இந்த வித்தியாசத்துக்குக் கத்தி வைக்கத் தேவையில்லை, வருஷா வருஷம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். உங்கள் பிள்ளைகளுக்கு எப்படி முடிவு செய்தார்கள்?

சேலம் அம்மா:
எங்கள் பையனுக்கு வலி கிடையாது. ஆனால் வலது 14, இடது 10. அப்போதும் உடனே ஆபரேஷன் செய்யவில்லை. வளரும் வயதில் ஒரு பக்கம் முந்தும், மறுபக்கம் பிந்தும் என்பதால் ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் அப்படியே நின்றால்தான் யோசிப்பார்களாம். குறையவில்லை, அதனால் செய்தோம்.

அடிவயிற்றுக்குக் கீழே சின்னக் கீறல், மைக்ரோஸ்கோப் வைத்து வீங்கிய குழாய்களை மட்டும் கட்டினார்கள். நிணநீர்க் குழாய்களையும் சேர்த்துக் கட்டிவிட்டால் பிறகு விதைப்பையில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால் இந்த முறை நல்லது என்றார்கள். அடுத்த வருஷ ஸ்கேனில் இடது பக்கமும் நன்றாக வளர்ந்திருந்தது. எல்லாருக்கும் இப்படி வளரும் என்று சொல்ல முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

கோவை, கல்லூரி மாணவன்:
எனக்கு ஆபரேஷன் இல்லை. அளவு சமமாகவே இருந்தது. 18 வயசுக்கு அப்புறம் விந்துப் பரிசோதனை செய்தேன், நார்மல். அம்மா கூட இல்லாமல் டாக்டரிடம் தனியாகப் பேச விட்டார்கள், அதனால்தான் எல்லாவற்றையும் கேட்க முடிந்தது. பையன்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுங்கள்.

ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவர்:
இரண்டு விஷயம். வலது பக்கம் மட்டும் வந்தாலோ, படுத்தும் அடங்காவிட்டாலோ வயிற்றையும் ஸ்கேன் செய்யச் சொல்வார்கள், உள்ளே ஏதாவது கட்டி குழாயை அழுத்துகிறதா என்று பார்க்க. அப்புறம், திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் அது வெரிகோசீல் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ராத்திரியானாலும் உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்கள், சில மணி நேரம்தான் அவகாசம்.